மணிபாரதியின் பலகைக்கு ஒரு ஸ்டாண்டு

பனைமுனைக்குப்பத்தில் ஒரு பலகையை வீட்டுக்குள் எப்படி வைப்பது என்று எட்டு மாதம் பேசினார்கள், பேசியவர்களில் நானும் ஒருவன், பேசியதோடு நிற்காமல் அதற்கு மூன்று ஸ்டாண்டு செய்து கொடுத்தவனும் நான்தான், ஆகவே இதில் பழி என்று ஒன்று உண்டென்றால் என் பங்கு மற்றவர்களுடையதைவிட ஒரு கைப்பிடி கூடுதலாகவே இருக்கும். என் பெயர் தேசப்பன். ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைக்கிறவன். பலகை இருந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

அது கடல் அலைமேல் நின்று சறுக்குகிற பலகை. ஒன்பதடி நீளம், வெள்ளை நிறம், நடுவில் ஒரு நீலக் கோடு. மணிபாரதியுடையது. பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்கு அலைமேல் நிற்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிக்க வந்த இரண்டு கல்லூரிப் பையன்களைக் கடல் இழுத்துக்கொண்டு போனது. மணிபாரதி பலகையோடு பாய்ந்தான், இருவரையும் அதன்மேல் ஏற்றினான், பலகையையும் தன் காலையும் பிணைத்திருந்த கயிற்றை அவிழ்த்து அவர்களில் ஒருவன் காலில் கட்டினான், கட்டிவிட்டுக் கரையைப் பார்த்துத் தள்ளினான். பலகை வந்தது, பையன்கள் வந்தார்கள், அவன் வரவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போனவன் உடம்பு கிடைக்காவிட்டால், பதினாறாம் நாள் அவனுடைய கட்டுமரத்தைக் கரையில் வைத்து, அவன் பெண்டாட்டி அதன் கயிற்றுக் கட்டை அவிழ்ப்பாள், கட்டைகள் ஒவ்வொன்றாக விலகி மணலில் விழும், அதற்குப் பிறகுதான் அழலாம். அதுவரைக்கும் வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விழக்கூடாது. எங்கேயோ நீந்திக்கொண்டிருக்கிறவன் அழுகைச் சத்தத்தைக் கேட்டால், தான் செத்துவிட்டதாகத் தானே நம்பிக் கையை விட்டுவிடுவான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்த பிறகும் அவிழ்க்க ஒரு நங்கூரக் கயிறு இருந்தது. மணிபாரதியின் தாய் வனமயில் தன் புருஷனுக்கு அப்படித்தான் அவிழ்த்தாள். ஆனால் மணிபாரதியின் பலகையில் இருந்ததே ஒரு கயிறு, அதையும் அவனே அவிழ்த்துவிட்டுப் போயிருந்தான்.

பதினாறாம் நாள் ஊர் கூடி நின்றது. அவன் பெண்டாட்டி சங்கவி, இருபத்திரண்டு வயசுப் பெண், குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, எதை அவிழ்ப்பது என்று எல்லார் முகத்தையும் பார்த்தாள். நாங்கள் நாட்டார் முகத்தைப் பார்த்தோம். நாட்டார் தெய்வசிகாமணி, ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர், பலகையைப் புரட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், முடிச்சு இருந்தால்தானே கிடைக்கும்.

"யோசனை பண்ணித்தான் செய்யணும். அதுவரிக்கும் ஊட்லயே பத்திரமா வைங்க" என்றார்.

அழ வந்தவள் அழாமலேயே எழுந்து போனாள்.

பத்திரமாக வைங்க என்று சொல்வது சுலபம். இரண்டே அறை உள்ள வீட்டில் ஒன்பதடிப் பலகையை எப்படி வைப்பது? தரையில் கிடத்தினால் பிணத்தைக் கிடத்தியது போலிருக்கிறது என்று வனமயில் கத்தினாள். நான் முழங்கால் உயரத்தில் இரண்டு மரக்கால் அடித்துக் கொடுத்தேன், பார்க்க வந்த பெண்கள் அதைப் பிணம் குளிப்பாட்டுகிற பெஞ்சு என்றார்கள். அதைப் பிரித்துவிட்டுப் பலகை நெட்டுக்குத்தாக நிற்கிற மாதிரி சுவரோரம் ஒரு சட்டம் செய்தேன், பாடைக்கு வெட்டிவந்த மூங்கிலைச் சாத்தி வைத்தது மாதிரி இருக்கிறது என்றார்கள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவர்கள் எங்கள் ஊரில் அதிகம். கயிறு போட்டு உத்தரத்தில் தொங்கவிடலாமே என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள், அவன் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டான்.

இருபதாம் நாள் மத்தியானம், நெட்டுக்குத்தாக நின்ற பலகை சட்டத்தைவிட்டு மெல்ல இறங்கி, வீட்டின் நடுவில் படுத்து, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் உயரத்துக்கு ஏறியது. சங்கவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏத்தம் வந்துடுச்சு போல மாமா" என்றாள்.

வாசலுக்கு வந்து பார்த்தேன். ஏற்றம்தான், தண்ணீர் படகுகளின் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. சாயங்காலம் கடல் வற்றியபோது பலகையும் இறங்கித் தரைக்கு வந்தது. கடலிலேயே கிடந்து பழகிய பொருள், பழக்கத்தை அத்தனை சீக்கிரம் விடுமா என்று வனமயில் சொன்னாள், அது சரியாகத்தான் பட்டது, தெருவிலும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள். எங்களுக்கு இருந்த கவலையெல்லாம் ஸ்டாண்டைப் பற்றித்தான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அது மூன்றரை அடி ஏறி இறங்கியது, ஏறும்போது சுழன்று பாத்திரங்களைத் தட்டிவிட்டது. ஆகவே மூன்றாவது ஸ்டாண்டு செய்தேன், மூலைக்கு ஒன்றாக நாலு கம்பம் நட்டு, கம்பத்துக்குப் பழைய வலையைச் சுற்றி, நடுவில் பலகை தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கித் திரும்பும்படி விட்டேன். என் கைவேலையில் இதுதான் நல்ல வேலை என்று அப்போது எனக்குப் பெருமை. பெருமைப்பட்டதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கம்பத்தில் அளவு பார்க்கும்போதுதான் கவனித்தேன், பலகையின் வால்பக்கம் நாலு விரல்கடை தாழ்ந்தும் மூக்குப்பக்கம் தூக்கியும் இருந்தது. ஆள் இல்லாத பலகை மட்டமாகத்தான் மிதக்கும். காலை இரண்டு பக்கமும் தொங்கப்போட்டு, அலை வரட்டும் என்று ஒருவன் உட்கார்ந்திருந்தால்தான் பலகை அப்படிச் சாயும். இதைக் கண்டவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நான் சொன்னேன். வனமயில் அன்றிலிருந்து மகனுக்குத் தட்டில் சோறு போட்டுப் பலகைக்கு எதிரே வைத்தாள், சங்கவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மூக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திசையைக் காட்டியது. காட்டுகிற இடத்தில்தான் அவன் இருப்பான் என்று விடிகாலையில் ஆறு படகு கிளம்பியது. உண்மையாகவே தேடத்தான் போனார்கள், அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அவன் அகப்படவில்லை, ஆனால் கையோடு கொண்டுபோன வலையைச் சும்மா கொண்டுவருவானேன் என்று போட்டதில் வஞ்சிரமும் பாறையுமாக அப்படி ஒரு மீன்பாடு எங்கள் தகப்பன்மார் காலத்திலும் இல்லை. மறுநாள் வேறு திசை, அதே மாதிரி பாடு. பத்து நாளுக்கப்புறம், தேடப் போகிறோம் என்று பேருக்குச் சொல்லிக்கொண்டு போனார்கள், இருபது நாள் கழித்து அப்படிச் சொல்வதையும் விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அந்தப் பலகையை ஒட்டியே நடந்தது. விடியும் நேரத்தில் ஆண்கள் பல் குச்சியோடு வந்து வாசலில் வரிசையாக நின்று, மூக்கு எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் படகுக்குப் போனார்கள், பலகை ஆடினால் வெளிக்கடல் கொந்தளிக்கிறது என்று திரும்பிப் படுத்தார்கள், காற்றையும் வானத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துத் திசை சொல்கிற கிழவர்கள் வேலை இல்லாமல் ஆடுபுலி ஆடினார்கள், பெண்கள் போகிறபோது வருகிறபோது நாலு கம்பத்துக்கும் மஞ்சள் பூசினார்கள், பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் எங்களோடு பெண் கொடுத்து எடுக்க ஆசைப்பட்டார்கள். கூரை ஒழுகிய வீடுகளில் ஒழுக்கு நின்றது, என் வீட்டிலும் நின்றது. கருமாதி என்கிற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. எதை அவிழ்ப்பது என்று யோசித்துச் சொல்வதாகச் சொன்ன நாட்டார், யோசிப்பதை அடியோடு நிறுத்திவிட்டார்.

சங்கவிக்கு ஊரே காவல் இருந்தது. அவள் அழுதுவிட்டால் பலகை சாதாரணப் பலகையாகிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தினமும் முறை வைத்து ஒருத்தி வந்து அவள் தலையில் பூ வைத்தாள், பொட்டு வைத்தாள், பக்கத்திலேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். ஒருநாள் வெங்காயம் நறுக்கியபோது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது என்று மூன்று பேர் ஓடிவந்து கத்தியைப் பிடுங்கினார்கள், அதிலிருந்து அந்த வீட்டு வெங்காயத்தை என் பெண்டாட்டிதான் நறுக்கினாள். சங்கவி மீன் சாப்பிடுவதை விட்டாள். தொண்டையில் என்னமோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டரிடம் காட்டினார்கள், அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லாத தொண்டையில் தண்ணீர்கூட இறங்காமல் அவள் இளைத்துப்போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு அவள் எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்கும். நான் திரும்பிப் படுப்பேன்.

மாசி மகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நாட்டார் நாலு பேரோடு வந்தார். பலகைக்கு ஊர்ப் பொதுவில் ஒரு ஸ்டாண்டு செய்வதென்று பஞ்சாயத்தில் முடிவாகியிருந்தது, இரும்பில் நாலு தூண், மேலே பித்தளைக் கலசம், மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் எல்லாரும் பார்க்கும்படி நடுவில். வேலை எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினார். நான் இளித்தேன்.

"நீ தெனமும் வந்து அதும் பக்கத்துல ஒக்காரணும்மா. பூவோட பொட்டோட மவராசியா ஒக்காந்துகினு இரு, அது போதும்" என்றார் சங்கவியிடம்.

"எத்தினி நாளைக்கு?"

"கடல் இருக்கிற வரிக்கும்" என்றார் நாட்டார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் கொடுமை.

சங்கவி தலையை ஆட்டினாள். அவர்கள் போன பிறகு என் பட்டறைக்கு வந்து நின்றாள். அந்த எட்டு மாதத்தில் அவள் தானாக வாசலைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

"ஸ்டாண்டு வாங்கணும் மாமா. டவுன்ல கடை இருக்குதாம், கூட வாங்க."

"கடை எதுக்கு, நான் செஞ்சு தரேனே."

"நீங்க செஞ்சா ஊருக்குத்தான் செய்வீங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வண்டியை எடுத்தேன்.

கடை பெருசு. சுவர் பூராவும் பலகைகள், அவற்றைத் தாங்க எத்தனையோ விதமான ஸ்டாண்டுகள். விற்கிற பெண் சங்கவியைவிட ஒன்றிரண்டு வயசு சின்னவளாக இருப்பாள், எங்களை உட்காரச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். தரையில் நிற்கிறது, நெட்டுக்குத்தாக வைக்கிறது, உத்தரத்தில் மாட்டுகிறது, சுவரில் திருகுகிற இரண்டு கை, கைக்குப் பஞ்சு சுற்றியது. எங்கள் ஊர் எட்டு மாதம் சண்டை போட்ட எல்லாமே அங்கே அட்டைப்பெட்டியில் இருந்தன, ஒன்றைப் பார்த்தாலும் பாடை ஞாபகமோ பெஞ்சு ஞாபகமோ வரவில்லை. வெறும் ஸ்டாண்டாக இருந்தன.

"எத்தனை அடி அக்கா?"

"ஒம்பது."

"தினமும் எடுப்பீங்களா, இல்ல வாரத்துக்கு ஒருவாட்டியா? அதுக்குத் தகுந்த மாதிரி பார்க்கலாம்."

அந்தப் பெண் எங்கள் ஊர்க்காரி இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது, கையில் பெட்டியோடு பதிலுக்காகச் சும்மா நின்றாள்.

"எடுக்க மாட்டோம்" என்றாள் சங்கவி. கொஞ்சம் பொறுத்து, "எடுக்கிறவரு இல்ல" என்றாள்.

எட்டு மாதத்தில் எங்களில் ஒருத்தர் வாயிலும் வராத வார்த்தை அது. கடைக்காரப் பெண்ணுக்கு அது பலகையைப் பற்றிய தகவல், தலையை ஆட்டிவிட்டு, அப்படியென்றால் சுவரில் திருகுகிற இரண்டு கையே போதும் என்று எடுத்துக் கொடுத்தாள்.

"எடுக்காம வைக்கிறதா இருந்தா, முதல்ல மேல இருக்கிற மெழுகச் சுரண்டிடுங்க அக்கா. கால் வழுக்காம இருக்கத்தான் அது. அப்படியே விட்டா உருகி ஒழுகும், தூசி ஒட்டும்." பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் சுரண்டியையும் வைத்தாள்.

சங்கவி அந்தச் சுரண்டியைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வழியெல்லாம் என் பின்னால் வண்டியில் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ஏற்றம் உச்சத்துக்கு வருகிற நேரம். வனமயில் சந்தையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. பூ வைக்க முறைக்கு வந்திருந்தவளிடம், நாட்டார் சொன்ன ஸ்டாண்டுக்கு அளவு எடுக்கிறோம் என்று நானே பொய் சொல்லி அனுப்பிக் கதவைச் சாத்தினேன். நாலு கம்பத்தையும் பிடுங்கினேன், சுவரில் முழங்கால் உயரத்துக்கு அந்த இரண்டு கைகளையும் திருகினேன், பலகையைத் தள்ளி அவற்றுக்கு நேராகக் கொண்டுவந்தேன். அது கைகளின்மேல் உட்காராமல் ஒரு சாண் மேலேயே நின்றது. வால் தாழ்ந்து, மூக்கு தூக்கி.

மெழுகை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மணலும் அழுக்கும் ஏறிப் பழுத்துப்போயிருந்த மெழுகில் அவன் நெஞ்சு வைத்துப் படுத்த இடம், உட்கார்ந்த இடம், எழுந்து நிற்கும்போது ஊன்றிய இரண்டு கால்கள், பின்கால் குறுக்கே, முன்கால் சாய்ந்து, விரல்கள்கூடத் தெரிந்தன. வருஷக்கணக்காக அதே இடத்தில் அதே காலை வைத்தவன். முடிச்சைத் தேடிப் பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோமே, எங்களில் ஒருத்தனும் இதைப் பார்க்கவில்லை.

அவள் வெந்நீர்த் துணியால் ஒத்தி ஒத்தி நெஞ்சு பட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன், என் கைக்கு அது படகில் ஆள் இருக்கும்போது ஆடுகிற ஆட்டமாகத்தான் இருந்தது. மெழுகு சுருள் சுருளாக வந்தது. நெஞ்சு போனது, உட்கார்ந்த இடம் போனது, வால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பின்காலைச் சுரண்டி முடித்தபோது பலகை சுவரில் திருகிய கைகளுக்கு இரண்டு விரல்கடை உயரத்தில் இருந்தது. அவள் நெற்றியிலிருந்து வியர்வை பலகைமேல் சொட்டியது, கண் மட்டும் காய்ந்தே கிடந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வனமயில் உள்ளே வந்தாள். கூடையை இறக்கக்கூட இல்லை. பிடுங்கிப் போட்ட கம்பத்தைப் பார்த்தாள், தரையில் கிடந்த மெழுகைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துகொண்டாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கூடையைத் தலையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒரு காலாவது இருக்கட்டும்டி. இந்த ஒண்ண எனக்கு வுட்டுடு" என்றாள்.

சங்கவி சுரண்டியை அப்படியே நிறுத்தினாள். சுவருக்கு வெளியே ஊர் தன் பாட்டுக்கு வலை உலர்த்திக்கொண்டிருந்தது, அந்த ஒரு கால் இருந்தால் நாளைக்கும் படகுகள் நிறையும், வனமயிலுக்குத் தட்டு வைக்க மகன் இருப்பான், இந்தப் பெண் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க மாட்டாமல் தரையைப் பார்த்தேன்.

"அத்தை, நீங்க ஒங்க ஊட்டுக்காரருக்கு அவுத்தீங்களே. அன்னிக்கு அவரு எங்க போனாரு?" என்றாள் சங்கவி.

வனமயில் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கியும் போவல. அவுத்தப்புறந்தான் ஊட்டுக்கு வந்தாரு" என்றாள். "கனாவுல வருவாரு, ஒக்காந்து சாப்பிடுவாரு. அதுக்கு மின்ன பதினாறு நாளும் தண்ணியிலயே நின்னுகினு இருந்தாரு."

"இவரு எட்டு மாசமா நிக்கிறாரு அத்தை. கால் வலிக்காதா?"

சொல்லிவிட்டு அவள் சுரண்டியை மாமியாரிடம் நீட்டினாள். வனமயில் அதை வாங்கவில்லை. குனிந்து, முன்காலின் ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், சின்ன விரலில் நகம் பெயர்ந்த இடம் தெரிந்தது, அதைத் தடவினாள். பிறகு சுரண்டியைத் தள்ளிவிட்டுத் தன் கட்டைவிரல் நகத்தாலேயே குதிகாலிலிருந்து கீற ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் செய்தாள், பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அழுக்கு உருட்டுகிற மாதிரி. சின்ன விரலைக் கடைசியில் எடுத்தாள்.

பலகை என் கையில் லேசானது. இறங்கி, பஞ்சு சுற்றிய இரண்டு கைகளின்மேல் உட்கார்ந்தது. வெளியே ஏற்றம் இன்னும் நின்றுகொண்டிருந்தது, அலை அடிக்கிற சத்தம் கேட்டது, பலகை அசையவில்லை.

சங்கவி நின்ற இடத்திலேயே நின்றாள். அத்தனை மாதமாக விழுங்கி விழுங்கி அவளுக்கு அது எப்படி வரும் என்றே மறந்துவிட்டதோ என்னமோ, வாயைத் திறந்தாள், மூச்சு வந்தது, சத்தம் வரவில்லை. வனமயில் அவளைக் கையைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தாள், அன்று காலையில் ஊர் வைத்த பூவைத் தலையிலிருந்து எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள், மெழுகு அப்பிய கையால் அவள் முகத்தைத் தன் தோளோடு சேர்த்தாள்.

"இப்ப அழுவு தாயி. எம் மவன் செத்துட்டான்" என்றாள்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் தெருவில் கதவுகள் திறந்தன. ஆண்கள் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள், நாட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார், சத்தத்தை நிறுத்தச் சொல்லி வாசலிலிருந்தே கையை ஆட்டினார். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். எட்டு மாதத்தில் நான் அந்த வீட்டுக்குச் செய்த ஒரே நல்ல வேலை அது. எனக்குப் பின்னால் அவள் அழுதுகொண்டிருந்தாள், முதலில் அவளும் வனமயிலும், பிறகு வெங்காயம் நறுக்க வந்துகொண்டிருந்த என் பெண்டாட்டி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவர்களோடு உட்கார்ந்தாள், பிறகு பூ வைக்க வந்தவர்கள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள், ஒருத்தியையும் நான் தடுக்கவில்லை. ஆண்கள் வெளியிலேயே நின்றோம். நாளைக்கு எந்தப் பக்கம் போவது என்று ஒருவன் மெல்லக் கேட்டான், யாரும் அவனுக்குத் திசை சொல்லவில்லை.